மாரத்தான் பயிற்சி: பதினோராவது வாரத்தைத் தாண்டுவது எப்படி?

ஜனவரி மாதத்து மூன்றாவது ஞாயிறு நெருங்கினால் மும்பையில் நம் சங்கத்தில் இரண்டு விதமான பேச்சு காதில் விழும். ஒன்று பொங்கல் விழாச் சாப்பாட்டைப் பற்றியது. இன்னொன்று மாரத்தான் ஓட்டத்தைப் பற்றியது. "நானும் இந்த வருஷம் பெயர் கொடுத்திருந்தேன் சார், ஆனால்..." என்று அது தொடங்கும். அந்த "ஆனால்" என்ற சொல்லுக்குப் பின்னால் வரும் காரணங்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம். 2024 ஜனவரியில் நானே அவற்றை வரிசையாக ஒப்பித்திருக்கிறேன்.

செப்டம்பரில் புது ஷூ வாங்கி, வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் சொல்லிவிட்டுப் பயிற்சியில் இறங்குபவர்களில் பலர், தீபாவளி கழிந்ததும் மைதானத்தில் தென்படுவதில்லை. ஆரம்ப சூரத்தனம் என்று பிறர் கேலி செய்வார்கள். அது அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிடக்கூடிய விஷயம் அல்ல என்பது என் அனுபவம். மனம் ஓய்ந்து போவதற்கு உடம்பிலும் நாட்காட்டியிலும் காரணங்கள் இருக்கின்றன. அவற்றை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் தாண்டிவிடலாம். ஒரு முறை பாதியில் விட்டு, மறுமுறை ஓடி முடித்தவன் என்ற தகுதியில் அதை இங்கே எழுதுகிறேன். நான் பயிற்சியாளனோ மருத்துவனோ அல்ல. டிப்ளமா படித்துவிட்டு ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பில் சேர்ந்து, 2019இல் ஓய்வு பெற்றவன்.

அது என்ன 42 கிலோமீட்டர்?

முதலில் இந்தத் தூரத்தின் கதையைச் சொல்லிவிடுகிறேன். பழைய கிரேக்கத்தில் மாரத்தான் என்ற இடத்தில் கிடைத்த போர் வெற்றியை ஏதென்சுக்கு ஓடிவந்து சொன்ன தூதனைப் பற்றி ஒரு கதை உண்டு. அதை நினைவுகூரும் வகையில், 1896இல் ஏதென்சில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கில் சுமார் 40 கிலோமீட்டர் ஓட்டம் ஒன்றைச் சேர்த்தார்கள். ஸ்பிரிடன் லூயிஸ் என்ற கிரேக்கர் அதில் வென்றார். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் வின்சர் அரண்மனையிலிருந்து புறப்பட்டு, மைதானத்தில் அரச குடும்பத்தினர் அமர்ந்திருந்த இடத்துக்கு முன்னால் முடியும்படி அளந்தபோது 42.195 கிலோமீட்டர் வந்தது. 1921இல் அதையே நிலையான தூரமாக வைத்துக்கொண்டார்கள்.

நம் நாட்டில் ஷிவ்நாத் சிங் 1978இல் ஜலந்தரில் இந்தத் தூரத்தை 2 மணி 12 நிமிடத்தில் ஓடினார். அந்தத் தேசிய சாதனை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அசையாமல் நின்றது. நம்மைப் போன்ற குடும்பஸ்தர்களுக்கு இது ஐந்து, ஆறு மணி நேர வேலை. கல்யாணத்துக்கு நடுவயதைக் கடந்த சம்பந்தி ஓடியாடி வேலை செய்வது போல, பாதி ஓட்டமும் பாதி நடையுமாக முடிப்பவர்களே அதிகம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால் அந்த ஆறு மணி நேரத்துக்கு உடம்பைத் தயார் செய்ய, ஏற்கனவே ஓரளவு ஓடிப் பழகியவருக்கே பதினாறு முதல் இருபது வாரங்கள் வேண்டும். வாரத்துக்கு நான்கு நாள் ஓட்டம். அதில் ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம். பத்து, பன்னிரண்டு கிலோமீட்டரில் தொடங்கி மெல்ல மெல்ல முப்பது கிலோமீட்டர் வரை போக வேண்டும். ஓட்டம் ஒரு நாள். பயிற்சி நூற்று நாற்பது நாள். மனம் ஓய்வது இந்த நூற்று நாற்பது நாளுக்குள்தான்.

உற்சாகம் வற்றும் மூன்று இடங்கள்

முதலாவது, மூன்றாவது அல்லது நான்காவது வாரம். தொடக்கத்தில் உடம்பு வேகமாகத் தேறுகிறது. ஓடத் தொடங்கிய ஓரிரு வாரங்களில் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது. இதயம் ஒரு துடிப்பில் அதிக இரத்தத்தைத் தள்ளுகிறது. முதல் நாள் மாதுங்கா ஃபைவ் கார்டன்ஸை ஒரு சுற்றுச் சுற்றினாலே மூச்சு வாங்கியவர், பத்தாம் நாள் மூன்று சுற்றுச் சுற்றுகிறார். "ஆஹா, இது நமக்கு வந்துவிட்டது" என்று தோன்றும். அதன் பிறகு முன்னேற்றம் மெதுவாகிவிடும். தசைநாண்களும் எலும்பும் பலப்பட மாதக்கணக்கில் ஆகும். மூச்சு தயாராகிவிட்டது, முழங்கால் தயாராகவில்லை என்ற நிலை. தினமும் ஓடியும் பலன் தெரியாததால் மனம் சலிக்கிறது. வெளியே தெரியாவிட்டாலும் உள்ளே வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது.

இரண்டாவது இடம்தான் கொடுமையானது. பத்து, பதினோராவது, பன்னிரண்டாவது வாரங்கள். ஞாயிறு ஓட்டம் இருபது கிலோமீட்டரைத் தாண்டும் காலம். அலுப்பு சேர்ந்து சேர்ந்து ஒரு பாரமாகிறது. புதுமை போய்விட்டது, போட்டி நாளோ இன்னும் கண்ணில் படவில்லை. நம்மவர்களுக்கு இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. செப்டம்பரில் தொடங்கினால், பிள்ளையார் சதுர்த்தி, நவராத்திரிக் கொலு, தீபாவளி என்று வரிசையாக வந்து, சரியாக இந்த வாரங்களை ஒட்டி ஊர்ப் பயணமும் பலகாரமும் சேர்ந்துகொள்ளும். நடுவே மும்பையின் அக்டோபர் வெயிலும் புழுக்கமும். 2023இல் தீபாவளி நவம்பர் 12ஆம் தேதி வந்தது. என் அட்டவணையில் அது பதினோராவது வாரத்தின் முதல் நாள். நான் விழுந்ததும் அந்த வாரத்தில்தான்.

மூன்றாவது இடம் கடைசி இரண்டு, மூன்று வாரங்கள். அப்போது உடம்பு தேறுவதற்காக ஓட்டத்தைக் குறைக்க வேண்டும். குறைத்தவுடன் மனம் பதறும். இல்லாத வலியெல்லாம் இருப்பது போலத் தோன்றும். "போதிய பயிற்சி இல்லை, இன்னொரு முப்பது ஓடிப் பார்த்துவிடுவோம்" என்று கிளம்பி, இருந்ததையும் கெடுத்துக்கொள்பவர்கள் உண்டு.

கீமேனிடம் கற்ற பாடம்

ரயில் பாதையில் கீமேன் என்று ஒரு ஊழியர் இருப்பார். ஏறக்குறைய ஆறு கிலோமீட்டர் நீளப் பாதை அவர் பொறுப்பு. தோளில் சுத்தியலும் ஸ்பேனரும், பையில் சிவப்பு, பச்சைக் கொடிகளும், ஆபத்தில் ரயிலை நிறுத்த வெடிகளும் எடுத்துக்கொண்டு, தினமும் அந்தப் பாதை முழுவதையும் நடந்தே பார்க்க வேண்டும். தளர்ந்த பிடிப்பு இருந்தால் அடித்து இறுக்க வேண்டும். மழையானாலும் வெயிலானாலும் இதுதான் வேலை.

பல ஆண்டுகளுக்கு முன், கர்ஜத் பக்கத்தில் ஒரு ஆடி மாத மழையில், ஐம்பதைத் தாண்டிய ஒரு கீமேனுடன் அவர் பாதையை நடந்து பார்க்கப் போனேன். குடை நிற்காத மழை. நான் அலுத்துக்கொண்டு, "தினமும் இதே பாதையில் நடக்க உங்களுக்கு மனசு எப்படி வருகிறது?" என்று மராத்தியில் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "மனசைக் கேட்டு யார் சாகேப் கிளம்புகிறார்கள்? மணியாச்சு, கிளம்பினேன். நடக்க ஆரம்பித்தால் கண் தானாகப் பாதையைப் பார்க்கிறது" என்றார். அன்று அதை ஒரு சாதாரணப் பேச்சாக எடுத்துக்கொண்டேன். அறுபது வயதுக்குப் பிறகு ஓடத் தொடங்கியபோதுதான் அதன் பொருள் விளங்கியது.

நாம் உற்சாகம் வந்தால் கிளம்பலாம் என்று உட்கார்ந்திருக்கிறோம். பெரும்பாலான நாட்களில் அது நடப்பதே வேறு விதமாக. கிளம்பிப் பத்து நிமிடம் ஆன பிறகு, உடம்பு சூடேறி, மூச்சு சீரான பிறகு, உற்சாகம் வந்து சேர்ந்துகொள்கிறது. படுக்கையில் படுத்துக்கொண்டு அதைத் தேடினால் கிடைக்காது. நம் வீடுகளில் மார்கழி மாதத்தை நினைத்துப் பாருங்கள். விடியற்காலையில் எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போட்ட நம் தாய்மார்களிடம் "இன்றைக்கு மனசு இருக்கிறதா?" என்று யாராவது கேட்டார்களா? மார்கழி என்றால் எழுந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பழக்கம் நமக்குப் புதிதல்ல. ஓட்டத்துக்கும் அதையே வைத்துக்கொள்ள வேண்டும்.

லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி என்ற ஆராய்ச்சியாளரும் அவருடன் இருந்தவர்களும் 2010இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்குத் துணை நிற்கிறது. ஒரு புதுச் செயல் தன்னியல்பாக நடக்கும் பழக்கமாக மாறுவதற்குச் சராசரியாக 66 நாட்கள் ஆயின. ஆளுக்கு ஆள் வித்தியாசம் அதிகம். 18 நாள் முதல் 254 நாள் வரை என்று கணித்தார்கள். இடையில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் உருவாவது பெரிதாகப் பாதிக்கப்படவில்லை என்பதையும் கண்டார்கள். நான்கு வாரத்தில் பழக்கம் வரவில்லையே என்று நொந்துகொள்பவர்கள் இந்தக் கணக்கை நினைவில் வைக்க வேண்டும்.

டைம்டேபிள் போடும் முறை

வண்டி ஓட்டுபவரின் மனநிலையைப் பொறுத்து ரயில் ஓடினால் என்ன ஆகும்? ஆகவே மனத்தின் வேலையைக் குறைத்து ஏற்பாட்டின் வேலையைக் கூட்டுங்கள். நான் கடைப்பிடித்தவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, நேரமும் இடமும் மாறக்கூடாது. "நாளை ஓடுவேன்" என்பது தீர்மானம் ஆகாது. "காலை ஐந்து மணிக்குப் பால்காரர் மணி அடித்ததும் ஷூ போடுவேன்" என்பதுதான் தீர்மானம். ஏற்கனவே தவறாமல் நடக்கும் ஒன்றோடு புதியதை முடிந்து வைக்க வேண்டும்.

இரண்டாவது, முடிவு செய்யும் வேலையை இரவே முடித்துவிடுங்கள். சட்டை, காலுறை, ஷூ, தண்ணீர் பாட்டில், வீட்டுச் சாவி எல்லாம் வாசல் பக்கம் தயாராக இருக்கட்டும். விடிகாலையில் காலுறையைத் தேடுவதற்குள் மனம் நூறு காரணம் சொல்லிவிடும்.

மூன்றாவது, பத்து நிமிட ஒப்பந்தம். மனம் வராத நாளில் பத்து நிமிடம் மட்டும் போய்வருவது என்று கிளம்புங்கள். பத்து நிமிடம் கழித்தும் பிடிக்கவில்லை என்றால் குற்ற உணர்ச்சி இல்லாமல் திரும்பி வரலாம். ஒரு பருவம் முழுவதும் நான் அப்படித் திரும்பி வந்தது மூன்றே முறை.

நான்காவது, ஒரு நோட்டுப் புத்தகம். தேதி, தூரம், உடம்பு எப்படி இருந்தது என்று ஒரு வரி போதும். வேகத்தை எழுத வேண்டாம். எழுதினால் நேற்றையோடு இன்றைக்குப் போட்டி வந்துவிடும். பதினோராவது வாரத்தில் சலிப்பு வரும்போது முதல் வாரப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். என் நோட்டில் முதல் வரி: "3 கி.மீ. இரண்டு இடத்தில் உட்கார்ந்தேன்." அதைப் படித்தபோது எனக்கே சிரிப்பு வந்தது.

ஐந்தாவது, மெதுவாக ஓடுவது. பக்கத்தில் ஓடுபவருடன் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகமே பெரும்பாலான நாட்களுக்குச் சரியான வேகம். தினமும் மூச்சு முட்ட ஓடுபவருக்கு, ஓட்டம் என்றாலே தண்டனை என்று மனம் பதிந்துவிடும். பிறகு அது கிளம்ப மறுப்பதில் என்ன தவறு? நான்கு வாரத்துக்கு ஒரு வாரம் தூரத்தையும் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாவது, இடத்தை அவ்வப்போது மாற்றுங்கள். மூன்று ஞாயிறு சிவாஜி பார்க்கையே சுற்றியவர், நான்காவது ஞாயிறு முதல் லோக்கலில் சர்ச்கேட் போய் மரைன் டிரைவில் ஓடிப் பார்க்கட்டும். விடியும் கடலைப் பார்த்துக்கொண்டு மூன்றரை கிலோமீட்டர் போனது தெரியாமல் போய்விடும்.

பாக்கியைத் துரத்தாதீர்கள்

நான் தோற்ற கதையைச் சொல்கிறேன். 2023 தீபாவளிக்கு மகளும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். நான்கு நாள் ஓட்டம் இல்லை. ஐந்தாம் நாள் அட்டவணையைப் பார்த்தபோது இருபத்தெட்டு கிலோமீட்டர் பாக்கி நின்றது. கடன்காரன் வாசலில் நிற்பது போல இருந்தது. அந்த ஞாயிறு ஓட வேண்டிய தூரத்துக்கு மேல் எட்டு கிலோமீட்டர் சேர்த்து ஓடினேன். கெண்டைக்காலில் பிடித்துக்கொண்டது. பத்து நாள் நொண்டினேன். அதற்குள் மனம் முழுவதும் விட்டுப்போயிற்று. ஷூ அலமாரியின் மேல்தட்டுக்குப் போனது.

ஓட்டம் நின்றதோடு விஷயம் முடிந்திருந்தால் பரவாயில்லை. காலையில் எழுந்திருப்பதும் நின்றது. எட்டு மணிக்கு எழுந்து, பேப்பர் படித்து, மறுபடியும் படுத்து, டி.வி. முன் உட்கார்ந்து மாலையாகிவிடும். ஓய்வு பெற்ற மனிதனுக்கு ஒரு நாள் எவ்வளவு நீளம் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். எனக்கு ஏற்கனவே சர்க்கரை உண்டு, அது ஏறியது. பிப்ரவரியில் ஒருநாள் என் மனைவி காபியைக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "ஏங்க, ஓட்டத்தை விட்டீங்க, சரி. எழுந்திருக்கிறதை ஏன் விட்டீங்க?" பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மறுநாள் ஐந்து மணிக்கு எழுந்து வெறுமனே நடந்துவிட்டு வந்தேன். இரண்டாவது முயற்சி அப்படித்தான் தொடங்கியது.

தாமதமாக வரும் ரயில் ஓரளவு நேரத்தை ஈடு செய்யலாம். அந்தப் பாதைக்கு விதித்த வேகத்தை மீறி ஓட அதற்கு அனுமதி இல்லை. நமக்கும் அதுவே விதி. தவறிய நாள் தவறியதுதான். அதை அடித்துவிட்டு, இன்றைய நாளில் என்ன எழுதியிருக்கிறதோ அதைச் செய்யுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் விட்டுப் போயிருந்தால் ஒரு படி இறங்கித் தொடங்குங்கள். ஒரு நாள் தவறியதால் யாருடைய பயிற்சியும் கெட்டதில்லை. "ஒரு நாள் போயிற்று, இனி என்ன" என்ற நினைப்புதான் கெடுக்கிறது. 2024இல் நான் அட்டவணையிலேயே தீபாவளிக்கு மூன்று நாள் விடுமுறை எழுதி வைத்தேன். பலகாரம் சாப்பிட்டேன். நான்காம் நாள் பாக்கி எதுவும் இல்லாமல் கிளம்பினேன்.

காஷன் ஆர்டர்

பாதையில் எங்காவது பழுது இருந்தால், "இந்த இடத்தில் இவ்வளவு வேகத்துக்கு மேல் போகாதே" என்று ஓட்டுநருக்குக் காஷன் ஆர்டர் கொடுப்பார்கள். அதை மதிக்காதவர் துணிச்சல்காரர் ஆகிவிட மாட்டார். மன உறுதியைப் பற்றிப் பேசும்போது இதையும் சேர்த்தே பேச வேண்டும்.

நாற்பது வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளவர்கள், குடும்பத்தில் இதய நோய் உள்ளவர்கள் பயிற்சி தொடங்கும் முன் டாக்டரிடம் காட்டிக்கொள்ள வேண்டும். இன்சுலினோ சில வகைச் சர்க்கரை மாத்திரைகளோ எடுப்பவர்களுக்கு நீண்ட ஓட்டத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம். மருந்தின் அளவையும் நேரத்தையும் டாக்டரிடம் கேட்டே மாற்ற வேண்டும். பையில் சர்க்கரையோ குளுக்கோஸோ எப்போதும் இருக்கட்டும். தினமும் பாதங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மார்பில் அழுத்தம், கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்பு, தலைசுற்றல் வந்தால் அங்கேயே நின்று உதவி கேட்க வேண்டும். காய்ச்சல் இருக்கும் நாளில் ஓடக்கூடாது. ஓட ஓடக் குறையும் பிடிப்பு சோம்பலின் உறவினர். ஓட ஓடக் கூடும் வலி, நொண்ட வைக்கும் வலி உண்மையான எச்சரிக்கை. இந்த வித்தியாசம் பழகப் பழகத் தெரியும்.

பின்னாலிருந்து தள்ளும் எஞ்சின்

மும்பையிலிருந்து புனே வழியாக ஊருக்குப் போகும்போது கர்ஜத்தில் வண்டி நிற்பதைப் பலரும் வடா-பாவ் வாங்கும் நேரம் என்று நினைத்திருப்பார்கள். அங்கே வண்டியின் பின்னால் கூடுதல் எஞ்சின்களை மாட்டுகிறார்கள். அடுத்து வரும் போர் காட் ஏற்றம் 37 அடிக்கு ஓரடி உயரும் செங்குத்து. முன்னால் எவ்வளவு நல்ல எஞ்சின் இருந்தாலும் கனமான வண்டியைப் பின்னாலிருந்தும் தள்ளியாக வேண்டும். ஏறி முடிந்ததும் அவற்றைக் கழற்றிவிடுவார்கள்.

பத்தாவது வாரத்து ஏற்றத்துக்கு அப்படி ஒருவர் வேண்டும். ஒரே ஒருவர் போதும். "ஐந்தரைக்கு வாசலில் நிற்பேன்" என்று ஒரு நண்பரிடம் சொல்லிவிட்டால் போர்வைக்குள் புரள முடியாது. எனக்கு அமைந்தவர் எங்கள் கட்டடத்து இளைஞர். மென்பொருள் வேலை செய்பவர். அவருக்கு நான் தேவைப்பட்டேன், எனக்கு அவர். அவர் "அங்கிள், கீழே நிற்கிறேன்" என்று போன் செய்தால் நான் இறங்காமல் இருக்க முடியுமா?

இங்கே குடும்பத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆண்கள் ஓடிவிட்டு வரும்போது டிபன் தயாராக இருக்கிறது. பெண்கள் ஓட நினைத்தால் டிபனைத் தயார் செய்துவிட்டு ஓட வேண்டியிருக்கிறது. அவர்கள் பாதியில் விடுவதை மன உறுதிக் குறைவு என்று சொல்வது அநியாயம். அவர்களுக்குக் குறைவது நேரம். மருமகளோ மகளோ ஓட விரும்பினால், வாரத்துக்கு மூன்று நாள் குழந்தையைப் பள்ளிக்குத் தயார் செய்வதை வீட்டிலுள்ள ஆண்கள் ஏற்றுக்கொள்ளட்டும். அதைவிடச் சிறந்த ஊக்கம் எதுவும் இல்லை.

வயதானவர்களுக்கு ஒரு வார்த்தை. ஃபௌஜா சிங் என்ற பஞ்சாப் விவசாயி, மனைவியையும் ஒரு மகனையும் இழந்த பிறகு, இங்கிலாந்தில் பிள்ளைகளோடு போய் இருந்தார். அந்நிய ஊர், பேச ஆள் இல்லை, துக்கம் வேறு. அதிலிருந்து வெளியே வரத்தான் ஓடத் தொடங்கினார். 2000இல் தம் 89வது வயதில் என்று சொல்லப்படுகிறது, லண்டன் மாரத்தானை ஓடி முடித்தார். 2011இல் டொராண்டோவில் நூறு வயதுக்காரராக எட்டு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு முடித்தார். பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் கின்னஸ் புத்தகம் அவர் சாதனையை ஏற்கவில்லை. 2025 ஜூலையில் ஜலந்தர் அருகே தம் ஊரில் சாலை விபத்தில் காலமானார். சான்றிதழை விட்டுவிடுவோம். ஊரிலிருந்து வந்து மகன் வீட்டு பிளாட்டில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் நம் குடும்பங்களிலும் இருக்கிறார்கள். அவர்கள் மாரத்தான் ஓட வேண்டாம். காலையில் பூங்கா வரை நடந்துவர ஒரு துணை கிடைத்தால் போதும்.

ஓட்ட நாள்

ஓட்டம் சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸ் வாசலில் விடிவதற்கு முன் தொடங்குகிறது. நான் வேலை பார்த்த ரயில்வேயின் தலைமையகக் கட்டடம் விளக்கொளியில் நிற்கிறது. அன்றைக்கு உற்சாகத்துக்குப் பஞ்சமில்லை. அளவுக்கு மிஞ்சி இருப்பதுதான் ஆபத்து. முதல் பத்து கிலோமீட்டரில் கூட்டத்தோடு பறப்பவர்கள் கடைசிப் பத்தில் அதற்கு வட்டி கட்டுகிறார்கள்.

அதற்குக் காரணம் எளிய கணக்கு. 65 கிலோ எடையுள்ளவர் ஒரு கிலோமீட்டர் ஓட ஏறக்குறைய 65 கலோரி செலவாகும். 42 கிலோமீட்டருக்கு 2,700க்கு மேல். தசையிலும் ஈரலிலும் மாவுச்சத்தாகச் சேமிப்பில் இருப்பது சுமார் 2,000 கலோரிதான். கொழுப்பு துணைக்கு வரும். ஆனால் மெதுவாக வரும். வேகமாக ஓடினால் சேமிப்பு சீக்கிரம் கரையும். முப்பதாவது கிலோமீட்டரை ஒட்டிப் பலருக்குக் கால் கல்லாகிப்போவது இதனால்தான். மனம் உடைவதும் அப்போதுதான். "நமக்கு உறுதி போதவில்லை" என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் சாப்பாடு போதவில்லை. வாழைப்பழம், கடலை மிட்டாய், குளுக்கோஸ் என்று உங்களுக்கு ஒத்துக்கொள்வதை நீண்ட ஓட்டங்களிலேயே சாப்பிட்டுப் பழகி, அன்றைக்கும் பசிக்கும் முன்பே எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரைத் தாகத்துக்குக் குடியுங்கள். அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் அதுவே ஆபத்தாகும்.

தூரத்தைத் துண்டு துண்டாக வெட்டிக்கொள்வது எனக்கு உதவியது. 42 என்று நினைத்தால் மலைப்பு. அடுத்த தண்ணீர்ப் பந்தல் என்று நினைத்தால் இரண்டே கிலோமீட்டர். பாந்த்ரா-வொர்லி கடல் பாலம் வந்தபோது அலுப்பே தெரியவில்லை. மற்ற நாளில் நடப்பவரை அனுமதிக்காத பாலம். அன்று அதன் மேல் சொந்தக் காலில் போகிறோம்! கடைசிப் பகுதியில் பெடர் ரோடு ஏற்றம் வந்ததும் நடந்தே ஏறினேன். சாலையோரம் நின்ற ஒரு குஜராத்திப் பாட்டி என் கையில் ஆரஞ்சுச் சுளையை வைத்து, "சலோ பாய், தோடா சா" என்றார். இன்னும் கொஞ்சம்தான் என்று அவர் சொன்னது ஏழு கிலோமீட்டரை. அந்தப் பொய்யும் ஒரு தள்ளும் எஞ்சின்தான்.

2025 ஜனவரி 19 அன்று 6 மணி 10 நிமிடத்தில் முடித்தேன். எனக்குப் பின்னாலும் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் மனைவி வெந்நீர் போட்டு வைத்திருந்தாள். மாடிப்படி இறங்க மூன்று நாள் கைப்பிடி தேவைப்பட்டது.

நான்காம் நாள் காலை ஐந்து மணிக்குத் தானாக விழிப்பு வந்தது. ஓட வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. பால்காரர் மணி அடித்தார். எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு பூங்கா வரை நடந்துவிட்டு வந்தேன். மெடல் அலமாரியில் இருக்கிறது. எனக்குக் கிடைத்த லாபம் அந்த விழிப்புதான். அடுத்த செப்டம்பரில் தொடங்கப் போகிறவர்கள் இன்றே நாட்காட்டியை எடுத்து, பதினோராவது வாரம் எந்தத் தேதியில் வருகிறது என்று பார்த்துச் சிவப்பு மையில் குறித்து வையுங்கள். அந்த வாரத்தில் வாசலில் வந்து நிற்க யாரையாவது இப்போதே பிடித்து வையுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் என்னிடம் சொல்லுங்கள். மாதுங்கா பக்கமானால் நான் வருகிறேன்.